டர்ஹாம் லைப்ரரில நம்ம ஊர் கறுப்பின சாதனையாளர்கள் டிஸ்ப்ளே: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நாங்க இருக்கிறது அமெரிக்காவுல நார்த் கரோலினா மாநிலம், டர்ஹாம். பக்கத்துல கேரி, மோரிஸ்வில்னு நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற ஊருங்க, அதனால தமிழ்ல கேக்குறவங்களும் நிறைய. பிப்ரவரி மாசம் இங்க கறுப்பின வரலாற்று மாசம். அதுக்கு லைப்ரரில உள்ளூர் ஆப்பிரிக்க அமெரிக்கர்களைப் பத்தி கண்ணாடி அலமாரில ஒரு டிஸ்ப்ளே வைக்கிற வேலையில சில வருஷமா வாலண்டியரா இருக்கேன். ஸ்கூல் வாசல்ல, கோயில்ல, வாட்ஸ்அப்லன்னு திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். உங்க ஊர்ல நீங்க வைக்கப்போறீங்கன்னாலும் உதவும்.

எதுக்கு பிப்ரவரி?

கார்ட்டர் உட்சன்னு ஒரு வரலாற்று ஆய்வாளர், அப்பா அம்மா ரெண்டு பேருமே அடிமையா இருந்தவங்க, இவரு நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பார்த்து, அப்புறம் படிச்சு ஹார்வர்டுல டாக்டர் பட்டம் வாங்குனவரு. அவருதான் 1926ல பிப்ரவரில ஒரு வாரம்னு இதை ஆரம்பிச்சாரு. அந்த வாரத்தை எடுத்ததுக்குக் காரணம், ஜனாதிபதி லிங்கன் பிறந்தநாள் பிப்ரவரி 12, அடிமை முறையை எதிர்த்துப் போராடுன ஃபிரெடரிக் டக்ளஸ் தன் பிறந்தநாளா கொண்டாடுனது 14. கொண்டாடுனதுன்னு சொல்றேன், ஏன்னா அடிமையா பொறந்த புள்ளைக்கு யாரும் தேதி குறிச்சு வைக்கல, அவரே ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துக்கிட்டாரு. 1976ல அது முழு மாசமா ஆச்சு.

ஆனா உள்ளூர் டிஸ்ப்ளேன்னா பிப்ரவரிதான்னு கட்டாயம் இல்ல. எங்க ஊருக்குன்னே தேதிங்க இருக்கு, ஜூன் 23, நவம்பர் 20, கீழ சொல்றேன்.

மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ் போஸ்டர் ரெடியா கிடைக்குதே, அதை ஒட்டுனா போதாதா?

ஒட்டலாம், தப்பில்ல. நாங்களும் முதல் வருஷம் அதான் பண்ணோம். ஆனா ஸ்கூல்ல, டிவில, மால்லன்னு எல்லா இடத்துலயும் அதே நாலு முகம்தான், புள்ளைங்க நின்னு பார்க்கவே இல்ல. கிங் அட்லாண்டாக்காரரு, பார்க்ஸ் மான்ட்கோமரி. அதே போராட்டத்தை நீங்க தினம் கார் ஓட்டிட்டுப் போற ரோட்டு முனையில ஒருத்தர் நடத்தியிருக்காருன்னு தெரிஞ்சா அது வேற மாதிரி மனசுல உக்காரும்.

உதாரணத்துக்கு, கறுப்பர்களுக்கு இடம் குடுக்காத மதிய உணவு கவுண்டர்ல உக்காந்து பண்ண போராட்டம்னாலே எல்லாரும் 1960 பிப்ரவரி 1, கிரீன்ஸ்பரோன்னு சொல்லுவாங்க. அதுக்கு கிட்டத்தட்ட 3 வருஷம் முன்னாடியே, 1957 ஜூன் 23, டர்ஹாம்ல ராயல் ஐஸ்கிரீம்னு ஒரு கடையில டக்ளஸ் மூர்ங்கிற இளம் பாதிரியாரும் கூட 6 பேரும் வெள்ளைக்காரங்க பக்கம் போய் உக்காந்தாங்க. அந்தக் கடைக்கு ரெண்டு வாசல், வெள்ளைக்காரங்களுக்கு ஒண்ணு, கறுப்பர்களுக்கு ஒண்ணு. எழுந்து போங்கன்னு சொல்லியும் போகல, கைது பண்ணாங்க, அத்துமீறல்னு கோர்ட்டு அபராதம் போட்டுச்சு, மேல்முறையீட்டுலயும் தோத்தாங்க. ஜெயிச்ச கதை இல்லங்கிறதால நாட்டுக்கே தெரியாமப் போச்சு. எங்க டிஸ்ப்ளேல அவங்களுக்கு எப்பவும் ஒரு தட்டு உண்டு.

யாருல இருந்து ஆரம்பிக்கணும்?

என்கிட்ட கேட்டா, லைப்ரரில வைக்கிற டிஸ்ப்ளே லைப்ரரி வாசல்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். இந்த வாசல்ல யாரு வரலாம், யாரு வரக்கூடாதுன்னு ஒரு காலம் இருந்துச்சுல்ல, அதை மறைச்சுட்டு உள்ள அலமாரில படம் வச்சா அது முழுசாகாது.

டர்ஹாம்ல 1898லயே பப்ளிக் லைப்ரரி வந்துருச்சு, ஆனா வெள்ளைக்காரங்களுக்குத்தான். கறுப்பின மக்கள் கையால வேலை செஞ்ச புகையிலை ஃபேக்டரிங்கதான் இந்த ஊரை வளர்த்துச்சு, ஆனா அவங்க புள்ளைங்களுக்கு ஒரு புஸ்தகம் எடுக்க இடமில்ல. அப்போ ஏரன் மூர்னு ஒரு டாக்டர், டர்ஹாம்ல முதல் கறுப்பின டாக்டர் அவருதான், 1888ல வந்து பிராக்டிஸ் ஆரம்பிச்சவரு, 1901ல லிங்கன் ஹாஸ்பிடல் உருவாகக் காரணமா இருந்தவரு. அவரு 1913ல ஒயிட் ராக் பாப்டிஸ்ட் சர்ச்சோட பேஸ்மென்ட்ல புஸ்தகங்களைச் சேர்த்து வச்சு ஒரு லைப்ரரி ஆரம்பிச்சாரு. சர்ச்சுக்குள்ள இருந்தா மத்த சர்ச் ஆளுங்க வரத் தயங்குறாங்கன்னு 1916ல ஃபேயட்வில் ஸ்ட்ரீட்டும் பெட்டிக்ரூ ஸ்ட்ரீட்டும் சேர்ற இடத்துல தனிக் கட்டடத்துக்கு மாத்துனாங்க. அப்புறம் 1940ல அதே ஃபேயட்வில் ஸ்ட்ரீட்ல பெரிய கட்டடம், ஸ்டான்ஃபர்ட் வாரன் லைப்ரரி. வாரனும் டாக்டர்தான், நிலம் வாங்கப் பணம் குடுத்தவரு. அவரு பொண்ணு செலீனா வாரன் வீலர் அங்க லைப்ரரியனா இருந்து கறுப்பின எழுத்தாளர்களோட புஸ்தகங்களுக்குன்னே ஒரு தனி சேகரிப்பை உருவாக்குனாங்க. அந்தக் கட்டடம் இன்னிக்கும் கவுண்டி லைப்ரரியோட ஒரு கிளை. ஒரு தடவை போய்ப் பாருங்க, உள்ள நுழையும்போதே தெரியும், இது யாரோ குடுத்த இடம் இல்ல, கட்டிக்கிட்ட இடம்னு.

சாதனையாளர்னா பணக்காரங்க, படிச்சவங்க மட்டும்தானா?

இல்லவே இல்ல. இதுலதான் கமிட்டில பெரிய வாக்குவாதமே வரும்.

ஜான் மெரிக் 1859ல அடிமையா பொறந்தவரு, தொழில் முடிதிருத்துறது. டர்ஹாம்ல புகையிலை முதலாளி டியூக் குடும்பத்துக்கே அவருதான் பார்பர், சலூன் சலூனா சேர்த்து, 1898ல ஏரன் மூர் மாதிரி ஆளுங்களோட சேர்ந்து நார்த் கரோலினா மியூச்சுவல்ங்கிற இன்ஷூரன்ஸ் கம்பெனியைத் தொடங்குனாரு. வீட்டுல ஒருத்தர் செத்தா அடக்கம் பண்றதுக்கு தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு ஊர்ல பணம் வசூல் பண்ற நிலைமை இருந்துச்சு, அதுக்குத்தான் வாரம் சில சென்ட் வாங்குற சின்னச் சின்ன பாலிசி. அப்புறம் அதை வளர்த்தது சி. சி. ஸ்பால்டிங், மூரோட மருமகன் முறை, இந்த ஊருக்கு வந்து ஹோட்டல்ல தட்டு கழுவி ஆரம்பிச்சவரு, 1923ல இருந்து 1952ல சாகுற வரைக்கும் கம்பெனி தலைவர். அந்தக் கம்பெனி இருந்த பேரிஷ் ஸ்ட்ரீட்டை, நியூயார்க்கோட பணத் தெரு மாதிரி, பிளாக் வால் ஸ்ட்ரீட்னு சொல்றது இவங்களாலதான்.

இவங்களை வைக்கிறதுல யாருக்கும் சந்தேகம் வராது. ஆனா ஆன் அட்வாட்டர்? வீட்டு வேலை செஞ்ச அம்மா, ஓட்டை விழுந்த வாடகை வீட்டுல புள்ளைங்களை வச்சுக்கிட்டு, வீட்டு ஓனருங்களை எதிர்த்து ஏழை ஜனங்களைத் திரட்டுனவங்க. 1971ல கறுப்பு, வெள்ளைப் புள்ளைங்களை ஒரே ஸ்கூல்ல சேர்த்துப் படிக்க வைக்கிறதைப் பத்தி ஊர் 10 நாள் கூட்டம் போட்டப்போ, கூட்டுத் தலைவரா இவங்களையும் கூ க்ளக்ஸ் கிளான்ங்கிற வெள்ளை இனவெறி அமைப்போட உள்ளூர்த் தலைவர் சி. பி. எல்லிஸையும் உக்கார வச்சாங்க. முதல்ல ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே பிடிக்கல. கடைசி நாள் அவரு தன் கிளான் அடையாள அட்டையைக் கூட்டத்துக்கு நடுவுல கிழிச்சுப் போட்டாரு, அப்புறம் சாகுற வரைக்கும் ரெண்டு பேரும் நண்பர்கள். டிகிரி இல்ல, பதவி இல்ல, பேங்க்ல பணம் இல்ல. இவங்க இல்லாத டிஸ்ப்ளேவை நான் ஒத்துக்க மாட்டேன்னு ஒரு வருஷம் அடம் பிடிச்சேன், இப்போ எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

பாலி மர்ரி யாரு, எல்லா வருஷமும் நடுத்தட்டுல வைக்கிறீங்களே?

இதை எழுதத்தான் நான் ஆசையா காத்துக்கிட்டிருந்தேன்.

பொறந்தது பால்டிமோர், 1910 நவம்பர் 20. அம்மா செத்ததும் சின்ன வயசுலயே டர்ஹாம்ல கேரல் ஸ்ட்ரீட்ல தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்தாச்சு, பெரியம்மா வளர்த்தாங்க. தாத்தாவோட தம்பி ரிச்சர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு செங்கல் சூளை வச்சிருந்தவரு, அவரு செங்கல்லதான் இந்த ஊர்ல எத்தனையோ சுவரு எழும்புச்சு. பாட்டி கொர்னீலியா அடிமையா பொறந்தவங்க, அவங்க அப்பா அந்த முதலாளி வீட்டு மகன். அந்த வீட்டுப் பொண்ணு, அதாவது பாட்டிக்கு அத்தை முறை, தன் நிலத்துல ஒரு பங்கை யுனிவர்சிட்டி ஆஃப் நார்த் கரோலினாவுக்கே எழுதி வச்சவங்க. அதே யுனிவர்சிட்டிக்கு 1938ல பாலி அப்ளை பண்ணப்போ, உங்க இனத்து ஆளுங்களை சேர்க்கிறதில்லன்னு லெட்டர் வந்துச்சு.

1940ல வர்ஜீனியாவுல பஸ்ஸுல உடைஞ்ச சீட்டுல உக்கார மாட்டேன்னு தகராறு, கைது. ரோசா பார்க்ஸ் பஸ்ஸுல சீட்டை விட்டுக் குடுக்க மறுத்ததுக்கு 15 வருஷம் முன்னாடி. 1944ல வாஷிங்டன்ல கறுப்பின மாணவர்களுக்குன்னு உருவான ஹோவர்டு யுனிவர்சிட்டியோட சட்டக் கல்லூரில வகுப்புலயே முதலிடம் வாங்குன மாணவி, வழக்கமா அந்த இடத்துல வர்றவங்க ஹார்வர்டுக்கு மேல்படிப்புக்குப் போவாங்க, பெண்ணுன்னு ஹார்வர்டு சேர்க்கல. ஒரு இடத்துல நிறம், இன்னொரு இடத்துல பாலினம், ரெண்டு கதவும் ஒரே ஆளுக்கு மூடுச்சு. மாநிலவாரியா இனச் சட்டங்களை எல்லாம் தொகுத்து 1951ல ஒரு தடிப் புஸ்தகம் போட்டாங்க, பள்ளிக்கூடப் பாகுபாட்டை எதிர்த்த வக்கீலுங்க கையில அதுதான் இருந்துச்சு. 1971ல பெண்கள் சம உரிமை வழக்குல பின்னாடி சுப்ரீம் கோர்ட் நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க் தன் மனுவுல பாலி பேரையும் சேர்த்துப் போட்டாங்க, இந்த வாதத்துக்கு வழி போட்டவங்கங்கிற மரியாதைக்கு. 1977ல எபிஸ்கோப்பல் சபைல பாதிரியாரா ஆனாங்க, அந்தச் சபைல அப்படி ஆன முதல் கறுப்பினப் பெண். அடுத்த மாசமே சேப்பல் ஹில்ல ஒரு சர்ச்சுல திருவிருந்து நடத்துனாங்க. பாட்டி கொர்னீலியாவுக்கு, அடிமைக் குழந்தைன்னு, ஞானஸ்நானம் குடுத்த அதே சர்ச்.

டிஸ்ப்ளேல இவங்களுக்கு நாங்க வைக்கிற பொருள் ஒரு 25 சென்ட் காசு. 2024ல அரசாங்கம் அவங்க முகத்தைப் போட்டு காசு அடிச்சுது, நம்பிக்கைன்னு அர்த்தம் வர்ற ஹோப்ங்கிற 4 எழுத்துக்குள்ள கண்ணாடி போட்ட முகம். சின்ன ஸ்டாண்ட்ல காசை நிமித்தி வச்சு முன்னாடி ஒரு பூதக்கண்ணாடி. வந்த புள்ளைங்க பார்த்துட்டு அப்பா பாக்கெட்ல, அம்மா பர்ஸ்ல கையை விட்டுத் தேடும், சில்லறை எல்லாம் கொட்டிப் பார்க்கும். செலவு கால் டாலர்.

பாலி மர்ரியை "அவர்"னு எழுதுறதா, "அவள்"னா?

நல்ல கேள்வி. பாலி தன்னை ஆம்பளையா உணர்ந்த காலம் இருந்துச்சு, 1930கள்லயே ஹார்மோன் சிகிச்சை கேட்டு டாக்டருங்ககிட்ட போயிருக்காங்க, அதெல்லாம் அவங்களே பத்திரமா வச்சுட்டுப் போன காகிதங்கள்ல இருக்கு. பின்னாடி பெண்ணுரிமைக்காகப் போராடும்போது பெண்ணாவே பேசுனாங்க. இங்கிலீஷ் அட்டையில இது பெரிய சிக்கல், எங்க கமிட்டில ரெண்டு மீட்டிங் இதுலயே போச்சு. தமிழ்ல சுலபம், "அவர்", "அவங்க" ரெண்டும் யாருக்கும் பொருந்தும், மரியாதையும் இருக்கு. முதல் மாணவி, முதல் பெண்ங்கிறதெல்லாம் அந்தந்த நிறுவனம் அப்போ பதிவு பண்ண விதம், அதை மாத்த வேண்டாம்னு முடிவு பண்ணோம். ஆனா இந்த விஷயத்தை மறைக்க வேண்டாம், ஒரு வரி எழுதிருங்க.

எர்னி பார்ன்ஸ் ஓவியத்தை பிரிண்ட் போட்டு ஒட்டலாமா?

கூடாது. எர்னி பார்ன்ஸ் 1938ல டர்ஹாம்ல பொறந்து, அமெரிக்கன் ஃபுட்பால் புரொஃபஷனலா ஆடி, அப்புறம் ஓவியரானவரு. 2009ல காலமானாரு, அதனால காப்பிரைட் இன்னும் குடும்பத்துகிட்டதான். சின்ன வயசுல டர்ஹாம் ஆர்மரிங்கிற ஹால்ல ஒரு நடன நிகழ்ச்சிக்குத் திருட்டுத்தனமா உள்ள போய்ப் பார்த்ததுதான் அவரோட சுகர் ஷாக் ஓவியம், 2022ல ஏலத்துல 15 மில்லியன் டாலருக்கு மேல போச்சு. எல்லா உடம்பும் நீண்டு வளைஞ்சு ஆடும், கண்ணு எல்லாம் மூடியிருக்கும்.

வழி என்னன்னா, லைப்ரரிலயே இருக்கிற அவரோட ஓவியப் புஸ்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அலமாரில வைங்க. வாங்குன புஸ்தகத்தைக் காட்சிக்கு வைக்கிறதுக்கு யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம். வாரம் ஒரு தடவை பக்கத்தை மாத்துங்க, ஒரே பக்கம் மாசக்கணக்குல வெளிச்சத்துல இருந்தா நிறம் போயிரும், முதுகும் உடையும். போட்டோவா இருந்தா 1920களுக்கு முந்தி அச்சுல வந்ததுக்குப் பிரச்சனை இல்ல, அதுக்கப்புறம் உள்ளதுக்குக் கேட்டுட்டுப் போடுங்க.

உள்ளூர் ஆளுங்களைப் பத்தி தகவல் எங்க கிடைக்கும்?

கூகுள்ல தேடுனா பெரிய பேருங்கதான் வரும். மெயின் லைப்ரரில நார்த் கரோலினா கலெக்ஷன்னு தனிப் பிரிவே இருக்கு, அங்க போங்க. தி கரோலினா டைம்ஸ்னு கறுப்பினப் பத்திரிகை, லூயிஸ் ஆஸ்டின் 1927ல இருந்து 1971ல சாகுற வரைக்கும் நடத்துனது, பழைய இதழ்கள் ஆன்லைன்ல இலவசமா இருக்கு. வெள்ளைக்காரப் பத்திரிகைல கறுப்பர்னா கைது செய்திதான் வரும், இதுல கல்யாணம், பட்டமளிப்பு, சர்ச் பாட்டுக் கச்சேரி, புதுசா திறந்த தையல் கடைன்னு முழு வாழ்க்கையும் இருக்கும்.

இன்னொண்ணு, பழைய சிட்டி டைரக்டரி. தெரு வாரியா யாரு இருந்தாங்க, என்ன தொழில்னு அச்சடிச்ச தடிப் புஸ்தகம். கறுப்பர்களோட பேருக்குப் பக்கத்துல மட்டும் ஒரு சின்னக் குறி போட்டிருப்பாங்க. ஒதுக்கி வைக்கப் போட்ட குறிதான், ஆனா இப்போ அதை வச்சுத்தான் எந்தத் தெருவுல யாரோட கடை இருந்துச்சுன்னு நாம கண்டுபிடிக்கிறோம். முதல் தடவை அந்தப் பக்கத்தை விரலால தடவிப் பார்த்தப்போ ரொம்ப நேரம் அடுத்த பக்கம் திருப்ப முடியல.

குடும்பங்ககிட்ட பொருள் எப்படிக் கேக்கிறது?

ஃபோன் பண்ணி "ஏதாவது பழைய பொருள் இருக்கா"ன்னு கேக்காதீங்க. ஏற்கனவே நிறைய பேரு வந்து வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தராம விட்டிருக்காங்க, அவங்க தயங்குறது நியாயம். தெரிஞ்ச ஒருத்தர் மூலமா, சர்ச் மூலமா போங்க, வயசானவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, மிஸ்டர், மிஸ் சேர்த்துச் சொல்லுங்க, இங்க அதுதான் மரியாதை. முதல் தடவை கேக்காம உக்காந்து கேட்டுட்டு மட்டும் வாங்க.

ஒரு அம்மா, 80 தாண்டுனவங்க, மூணாவது சந்திப்புலதான் பீரோல இருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாங்க. உள்ள அவங்க பாட்டியோட இன்ஷூரன்ஸ் ரசீதுப் புஸ்தகம், உள்ளங்கை அளவு, வாரா வாரம் ஏஜென்ட் பென்சில்ல தேதி போட்டுக் கையெழுத்து போட்டது, நடுவுல ஒரு 3 வாரம் காலியா இருந்துச்சு, அப்புறம் சேர்த்துக் கட்டியிருக்காங்க. அந்தக் காலி இடத்தைக் காட்டி, அப்போ தாத்தாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னாங்க. பெரிய கட்டடத்தோட போட்டோவை விட அந்த 3 காலிக் கட்டம்தான் அந்தக் கம்பெனியோட கதையை எனக்குச் சொல்லுச்சு.

வாங்குனா ரெண்டு பிரதியில எழுதிக் கையெழுத்து போடுங்க: என்ன பொருள், என்ன நிலைமை, எந்தத் தேதி திருப்பித் தருவோம். போட்டோவா இருந்தா ஸ்கேன் பண்ணி காப்பியை வைங்க, அசலை அன்னிக்கே திருப்பிக் குடுத்துருங்க. ஜன்னல் வெயில் படுற இடத்துல எதையும் வைக்காதீங்க. செலோடேப் வேண்டவே வேண்டாம்.

அட்டையில என்ன வார்த்தை எழுதுறது? எவ்ளோ நீளம்?

60 வார்த்தைக்கு மேல யாரும் நின்னு படிக்க மாட்டாங்க. எழுத்து பெருசா, 8 வயசுப் புள்ளைக்கு எட்டுற உயரத்துல. தமிழ்ல கறுப்பினத்தவர், ஆப்பிரிக்க அமெரிக்கர்னு எழுதுங்க. பழைய பாடப் புத்தகத்துல வந்த "நீக்ரோ"வை விட்டுருங்க, ஒரு அமைப்போட அந்தக் காலத்துப் பேருலயே இருந்தா மட்டும் அப்படியே குடுக்கலாம். "அடிமை"ன்னு நிறுத்தாம "அடிமைப்படுத்தப்பட்ட"ன்னு எழுதுனா யாரோ அதைச் செஞ்சாங்கங்கிறது தெரியும். "முதல் கறுப்பின டாக்டர்"னு எழுதும்போது, அதுவரைக்கும் ஏன் ஒருத்தரும் இல்லங்கிறதையும் அரை வரில சொல்லிருங்க.

பேர் தெரியாத ஆளுங்க இருக்கிற போட்டோவுக்குப் பக்கத்துல ஒரு வெத்து அட்டையும் பென்சிலும் வைங்க. எங்களுக்கு ரெண்டு பேரு அப்படித்தான் கிடைச்சாங்க.

கௌரவிக்கிற இடத்துல இடிச்ச கதை, சோகக் கதை எல்லாம் வேணுமா?

வேணும். ஹேட்டைன்னு டர்ஹாம்ல ஒரு பகுதி, ஹெய்ட்டி நாட்டு நினைவுல வச்ச பேரு, அங்க கறுப்பர்களோட கடை, தியேட்டர், ஹோட்டல், சர்ச் எல்லாம் நெருக்கமா இருந்துச்சு. 1960கள்ல நகர மறுசீரமைப்புன்னு சொல்லி இடிச்சு நடுவுல ஃப்ரீவே போட்டாங்க, இப்போ நாம 147ல வேலைக்குப் போறோமே, அதேதான். ஆயிரக்கணக்கான குடும்பங்க, நூத்துக்கணக்கான வியாபாரம் போச்சு, திருப்பிக் கட்டித் தர்றோம்னு சொன்னதுல பெரும்பகுதி நடக்கல. செயின்ட் ஜோசப்ஸ் சர்ச் கட்டடம் தப்பிச்சு இன்னிக்கு ஹேட்டை ஹெரிட்டேஜ் சென்டரா இருக்கு. பழைய தெரு மேப் மேல கண்ணாடித் தாள்ல ஃப்ரீவேயை வரைஞ்சு வச்சோம், தாளைத் தூக்கிப் பார்த்தா அடியில கடைங்க பேரு. இதைச் சொல்லலன்னா அவங்க சாதிச்சதெல்லாம் எங்க போச்சுன்னு பார்க்கிறவங்களுக்குப் புரியாது.

நாம தமிழ்க் குடும்பம், இதுல நமக்கென்ன வேலை?

இந்தியாவுல இருந்து வருஷத்துக்கு 100 பேருன்னு வரம்பு வச்சிருந்த நாடு இது. அதை மாத்துன குடியேற்றச் சட்டம் 1965ல வந்துச்சு, சிவில் உரிமைச் சட்டம் வந்த அடுத்த வருஷம், அதே போராட்டத்தோட அலையில. நாம இங்க நிரந்தரமா குடியேறுறதுக்குத் திறந்த கதவு அதுதான். அப்புறம் பாலி மர்ரி காந்தியோட சத்தியாகிரகத்தைப் படிச்சு, 1943லயும் 1944லயும் ஹோவர்டு மாணவர்களோட வாஷிங்டன் ஹோட்டல்கள்ல உக்காரும் போராட்டம் நடத்துனாங்க.

ஆனா ஒண்ணு, முன்னாடி நிக்காதீங்க. யாரை வைக்கிறது, என்ன எழுதுறதுன்னு முடிவு பண்றது அந்தக் குடும்பங்களும் அந்தச் சமூகத்து ஆளுங்களும்தான். நாம ஃபோம் போர்டு வெட்டலாம், ஸ்கேன் பண்ணலாம், தமிழ் அட்டை எழுதலாம், கண்ணாடி துடைக்கலாம். வீட்டுல நம்ம பெரியவங்க நிறத்தைப் பத்தி ஏதாவது சொன்னா அங்கயே நிறுத்தலாம், அதுவும் இந்த வேலைதான்.

எப்போ ஆரம்பிக்கணும், எவ்ளோ செலவு?

பிப்ரவரிக்குன்னா செப்டம்பர்லயே அலமாரியைக் கேட்டு வைங்க, நிறைய லைப்ரரில முன்பதிவு உண்டு. பூட்டு இருக்கிற அலமாரியான்னு பாருங்க. ஃபோம் போர்டு, பிரிண்ட், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 100, 150 டாலர்ல முடிச்சிருக்கோம்.

முடிஞ்சதும் பொருளை என்ன பண்றது?

சொன்ன தேதில, நேர்ல, நீங்களே கொண்டு போய்க் குடுங்க, தபால்ல வேண்டாம். ஸ்கேன் காப்பி ஒண்ணு குடும்பத்துக்கு, அவங்க சம்மதிச்சா ஒண்ணு லைப்ரரி கலெக்ஷனுக்கு. அந்த ரசீதுப் புஸ்தகத்தைத் திருப்பிக் குடுக்கப் போனப்போ அந்தம்மா பக்கம் பக்கமா எண்ணிப் பார்த்துட்டு டப்பாக்குள்ள வச்சாங்க, வச்சுட்டு, அடுத்த வருஷத்துக்கு எங்க அம்மாவோட டீச்சர் சர்டிஃபிகேட் ஒண்ணு இருக்கு, ஆனா ஃப்ரேம் போட்டிருக்கு, அலமாரி ஆழம் பத்துமான்னு அளந்துட்டு வந்து சொல்லுன்னாங்க. அளந்தேன், 14 அங்குலம், பத்தும்.